அறுந்த நரம்பு குழாய்க்குள்ள வளருமா?

அடுத்த கேள்வி கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்குது. "அக்கா, எங்கண்ணனுக்குக் கண்ணாடி கிழிச்சு மணிக்கட்டுல நரம்பு அறுந்துருச்சுங்க. நடுவுல 2 சென்டிமீட்டர் இடைவெளி. கால்ல இருந்து நரம்பு எடுத்து வெக்கலாம், இல்லீன்னா குழாய் வெக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க. குழாய்க்குள்ள எப்படிங்க்கா நரம்பு வளரும்?"

வளரும் கண்ணு. ஆனா வளர்றது உங்கண்ணன் நரம்புதான், குழாய் வழி மட்டும்தான் காட்டும். இதைப் புரிஞ்சுக்கோணும்.

நரம்பைக் கரண்டு வயர்னு நெனைச்சுக்கிறோம், முறுக்கி டேப் சுத்துனா லைட் எரியும்னு. அப்படி இல்லீங்க. அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு இழையும் ஒரு உசுருள்ள செல்லோட நீட்டம். அந்தச் செல்லு கழுத்துத் தண்டுவடத்துலயோ, அதையொட்டியோ இருக்குது. மணிக்கட்டுல அறுந்தா, அதுக்குக் கீழ இருக்கற இழையெல்லாம் சில நாள்ல செத்து உதுந்துரும். வாலர்ங்கற இங்கிலீஷ்கார டாக்டரு 1850லயே தவளை நாக்கு நரம்பை வெட்டி இதைக் காட்டிட்டாரு. தையல் போட்ட மறுநாளே "ஏனுங், இன்னும் வெரல் மரத்தே கெடக்குது?"ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். மேல இருந்து புதுசாத் துளுத்து வரோணும். ஒரு நாளைக்குச் சுமாரா 1 மில்லிமீட்டர். மணிக்கட்டுல இருந்து சுண்டுவெரல் நுனிக்கு 15, 16 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டாலே அஞ்சு மாசத்துக்கு மேல ஆயிரும்.

செத்த இழை போன தடத்துல, அந்த இழையைப் போத்தியிருந்த ஷ்வான் செல்லுங்க வரிசை கட்டி நிக்கும், துளிரு அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் போகும். நடுவுல இடைவெளி இருந்தா? பந்தல் கெடைக்காத பொடலங்கொடி மாதிரி அங்கயே சுருண்டு முடிச்சாயிரும். அந்த முடிச்சைத் தொட்டா ஷாக் அடிக்கும்.

அதுக்குத்தான் குழாய். ரெண்டு முனையையும் ரெண்டு பக்கத்துல சொருகி, மைக்ராஸ்கோப்புல பார்த்து, முடியை விட மெல்லிசான நூல்ல தைப்பாங்க. உள்ள நீர் ஊறும், அதுல ஃபைப்ரின் நார் ஒரு பாலம் கட்டும். ரத்தம் உறையறப்ப வலை பின்னுதே, அதே நார்தான். அது மேல ஷ்வான் செல்லு ஏறி வரும், பின்னாலயே துளிரு வரும். இடைவெளி நீளமானா பாலம் மெலிஞ்சு அறுந்துரும். அதனாலதான் வெறுங்குழாயை 3 சென்டிமீட்டருக்கு மேல நம்பறதில்லை.

முன்னாடி சிலிக்கான்ல வெச்சாங்க. அது கரையாது, பின்னால நரம்பையே இறுக்கிப்போடும், திரும்பத் தொறந்து எடுக்கோணும். இப்ப மாட்டுக் கொலாஜன், நண்டு இறால் ஓட்டுல எடுக்கற கைட்டோசான், கரையற தையல் நூலுக்கான பாலிகிளைக்காலிக் அமிலம், இதுகள்ல பண்றாங்க. வேலை முடிஞ்சதும் ஒடம்பே கரைச்சுரும். உங்கூர்ப் பக்கம் கூடு வளர்க்கறாங்களே, அந்தப் பட்டுலயும் ஆராய்ச்சி நடக்குதுங்க. கூட்டை வேக வெச்சுப் பசையை எடுத்துட்டு, மிஞ்சற இழையைக் குழாயாக்கறது. பசை இருந்தா ஒடம்பு சேத்துக்காம வீங்கும். நம்ம பட்டு ஒரு கைக்கு உணர்ச்சியைத் திருப்பிக் குடுக்கும்னு நெனைச்சா எனக்கு மனசு நெறைஞ்சு போகுது.

இப்ப உங்கண்ணனுக்கு வருவோம். வெரல்ல ஓடற சின்ன உணர்ச்சி நரம்புல, குட்டி இடைவெளின்னா, குழாய் நல்லா வேலை செய்யுது. மணிக்கட்டுல ஓடறது தடிச்ச நரம்பு, உள்ளங்கைத் தசையையும் ஆட்டறது. அங்க சொந்த நரம்பு வெக்கறதுதான் இன்னைக்கும் முதல் தேர்வு. கெண்டைக்கால்ல இருந்து எடுப்பாங்க. பாதத்தோட வெளி ஓரம் மரத்துப்போகும், நடக்கறதுக்கு இடைஞ்சல் இல்லை. டாக்டர் குழாய்தான்னு சொன்னா, "எங்கண்ணனுக்கு ஏன் குழாய் போதும்னு நெனைக்கிறீங்க?"ன்னு கேளுங்க. எதுவானாலும் தள்ளிப்போடாதீங்க. ஒண்ணு ஒண்ணரை வருசத்துக்குள்ள நரம்பு வந்து சேரலீன்னா தசை வத்திப்போயி ஏத்துக்காது.

நான் கைப்பயிற்சி குடுக்கறவ. எங்கிட்ட வந்த ஒரு தறிக்கார அண்ணன், ஆப்பரேசன் முடிஞ்ச மூணாம் மாசம் சுடற டீ டம்ளரை அந்தக் கையில புடிச்சிருக்காரு. சுட்டதே தெரியலை. கொப்புளத்தைச் சம்சாரம் பார்த்துத்தான் சொல்லியிருக்குது. உங்கண்ணன் கிட்ட அடுப்பு, தோசைக்கல்லு எதையும் விடாதீங்க. பீடி சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, நரம்புக்கு ரத்தம் போகோணும்.

ஆப்பரேசனுக்கு அப்புறமேட்டுக்கு, கட்டுப் பிரிச்சதும், டாக்டர் சொன்ன பிறகு, மணிக்கட்டுல இருந்து வெரலைப் பார்த்து மெல்லத் தட்டிக்கிட்டே போகச் சொல்லுங்க. சுருக்குன்னு எங்க மின்னுதோ, அங்க பேனாவுல ஒரு புள்ளி வெச்சுத் தேதி எழுதிக்குங்க. அடுத்த மாசம் தட்டறப்ப அந்தப் புள்ளி ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ எறங்கியிருந்தா, துளிரு நடந்துக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம் கண்ணு.