கையால் அழும் பிள்ளை
(பன்னாட்டுச் சைகை மொழி நாளான செப்டம்பர் 23 அன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாண்புமிகு மாவட்ட ஆட்சியர் அவர்களே, குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் அம்மா அவர்களே, குழுவின் உறுப்பினர்கள் நால்வரே, இந்த மண்டபத்தைக் கட்டணம் வாங்காமல் தந்த வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, காலை முதல் நாற்காலி போட்ட என் பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். என் அருகில் நின்று என் பேச்சைக் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கைக்குத் தனி வணக்கம். அவருக்காக நான் நிதானமாகப் பேசுகிறேன்.

வீடு, பள்ளி, குழந்தைகள் இல்லம் என்று மூன்று செய்திகளைச் சொல்வதாகத் தலைவர் அம்மாவிடம் ஒப்புக்கொண்டு வந்தேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். முப்பது ஆண்டுகள் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கையால் அழுகிற பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

முதலில் வீடு. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தத் தாய்க்குச் சைகை மொழியைச் சொல்லித்தர ஆளில்லை. தாயும் பிள்ளையும் தாங்களாகவே பத்துப் பதினைந்து சைகைகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள். சோறு, தண்ணீர், அப்பா, வா, போ. அந்த வீட்டின் வாசலைத் தாண்டினால் அது வேறு எவருக்கும் புரியாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயது இருக்கும். ஒரு ரயில் சந்திப்பின் நடைமேடையில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் காவலர்கள் கண்டெடுத்தார்கள். சட்டம் சொல்கிறபடி 24 மணி நேரத்துக்குள், ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள். அதில் குறையே இல்லை. "உன் பெயர் என்ன?" என்று கேட்டு அவனைச் சுட்டிக் காட்டினார்கள். அவன் இரண்டு விரல்களால் வலப் புருவத்தைத் தொட்டான். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் தொட்டான். தலைவலி என்று எழுதிக்கொண்டார்கள். இல்லத்தில் மாத்திரை கொடுத்தார்கள், தைலம் தடவினார்கள். நான்கு மாதம்! அவன் தொட்டுக்கொண்டே இருந்தான், அவர்கள் தடவிக்கொண்டே இருந்தார்கள். பதிவேட்டில் அவனுக்கு ஒரு புதுப் பெயரும் ஏறிவிட்டது.

பிறகு ஒரு நாள் சீருடைக்கு அளவெடுக்கக் கடைவீதித் தையற்காரர் வந்தார். அவரும் பிறவியிலேயே காது கேளாதவர். அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் கை அசைந்ததுதான் தாமதம், பையன் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். எதையோ வாரி இழுத்துக் குவிப்பது போலக் காட்டினான். விரலை நக்கி முகத்தைச் சுளித்தான். உப்பு! கையை உயரத் தூக்கி விரல்களை மூடி மூடித் திறந்தான். கலங்கரை விளக்கம்! அடுத்து, தலைக்கு மேல் இரண்டு விரல்களை முறுக்கி முறுக்கி உயர்த்தினான். எனக்கு விளங்கவில்லை. தையற்காரர் சுவரில் எழுதிக் காட்டினார்: "வெளிமான்." முறுக்கிய கொம்புள்ள மான்! உப்பளமும் கலங்கரை விளக்கமும் வெளிமானும் ஒன்றாக இருக்கும் ஊர் வேறு எது? கோடியக்கரைப் பக்கம்தான். வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை செய்யும் அவன் அம்மா, வேளாங்கண்ணித் திருவிழா நெரிசலில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுக் காவல் நிலையப் படியேறிக் களைத்திருந்தார். இல்லத்து வாசலில் வந்து நின்றவர் வாய் திறக்கவில்லை. இரண்டு விரல்களால் தன் புருவத்தைத் தொட்டார். அவன் புருவத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. அந்த வீட்டில் அதுதான் அவன் பெயர்.

நான்கு மாதமும் அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றால், இவனைவிட அதிகம் அழுதவர் யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளையைப் பற்றிய முடிவில் அந்தப் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, நீதிமன்ற ஆணை இருந்தால் தவிர, என்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 38ஆவது பிரிவோ, சாட்சியம் பதியும்போது நீதிமன்றம் பிள்ளையின் தொடர்பு முறையை அறிந்தவரின் உதவியைப் "பெறலாம்" என்கிறது. அந்த "லாம்" போய் "வேண்டும்" வர வேண்டும் என்றுதான் நான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன். குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண் 1098 நல்ல எண்தான். காது கேளாத பிள்ளை அதை அழுத்தி என்ன பேசும்?

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மட்டும் போதாது, ஐயா. பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு இந்தியச் சைகை மொழியும் தெரியாது. வீட்டுச் சைகையைப் படித்தெடுக்கக் காது கேளாத பெரியவர் ஒருவர் அருகில் வேண்டும். ஒவ்வொரு மாவட்டக் குழுவிலும் இந்த இருவரையும் ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். காது கேளாத தாய் தந்தையரின் வழக்கு வரும்போது, காது கேட்கும் அவர்களுடைய பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்கிற கொடுமையும் அன்றே நிற்கும்.

பள்ளியைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் அம்மா பொறுத்தருள வேண்டும். ஆட்சியர் அவர்களிடம் தரவேண்டிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து தையற்காரருடையது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அடுத்த கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.