லாமலேரா: கடலும் மக்காச்சோளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வரைபடத்தில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்துங்கள். லோம்போக், சும்பாவா, அப்புறம் நீளமாக ஃபுளோரெஸ். அதன் கிழக்கு முனையைத் தாண்டினால் சோலோர், அடோனாரா, லெம்பாத்தா என்று சின்னத் தீவுகள். லெம்பாத்தாவின் தெற்குக் கரையில், சவு கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் லாமலேரா. அரசுக் கணக்கில் லாமலேரா ஏ, லாமலேரா பி என்று இரண்டு ஊர்கள், பேச்சில் ஒன்றுதான். மாவட்டத் தலைநகர் லெவோலேபா வடக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பலகை இருக்கை அடித்த லாரியில் ஏறி மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். தூரம் அதிகமில்லை, சாலைதான் அப்படி.

வெளியுலகத்துக்கு லாமலேரா என்றாலே திமிங்கில வேட்டை. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். நான் இன்று வேட்டையைப் பற்றிக் கொஞ்சமும், மக்காச்சோளத்தைப் பற்றி அதைவிடக் கூடுதலாகவும் பேசப்போகிறேன்.

ஏனென்றால் அந்த ஊரில் விளைச்சல் நிலம் என்று சொல்ல அதிகம் கிடையாது. எரிமலைப் பாறை. வயலுக்கும் தோட்டத்துக்கும் மேலே மலை ஊர்களுக்குத்தான் போக வேண்டும், அந்த நிலம் அங்குள்ளவர்களுடையது. கடலில் இறைச்சி இருக்கிறது, மலையில் மக்காச்சோளமும் வாழைப்பழமும் மரவள்ளியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் பெண்கள். உலர்த்திய இறைச்சியையும் மீனையும் தலைச்சுமையாக மலைக்குத் தூக்கிப்போய் வீடு வீடாகக் கொடுத்து, தானியத்தோடு இறங்குவார்கள். பக்கத்து ஊரான வுலாண்டோனியில் வாரச்சந்தையே பண்டமாற்றுச் சந்தைதான். சந்தை வரியை வசூலித்த பிறகு விசில் ஊதுவார்கள். அதுவரை யாரும் கை மாற்றக் கூடாது. கணக்கு ஆறு ஆறாகப் போகும். ஆறு உருப்படி சேர்ந்தது ஒரு முங்கா. இத்தனை முங்கா கதிருக்கு ஒரு துண்டு இறைச்சி என்று பேசி முடிப்பார்கள். பணம் இல்லாமலே குடும்பத்துக்கு மக்காச்சோளம் சேர்ந்துவிடும். ஆண்கள் கடலுக்குப் போகிற கதையை எழுதியவர்கள், இந்தப் பெண்கள் ஏறி இறங்கிய மலைப்பாதைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் பெரிது.

சரி, வேட்டைக்கு வருவோம். பிடிப்பது முக்கியமாக ஸ்பெர்ம் திமிங்கிலம். அம்பர் கடத்தல் என்று நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர் இதன் குடலில் உண்டாவதுதான். நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத இனங்களைத் தொட மாட்டார்கள். மூதாதையரைக் காப்பாற்றியது அந்த இனம் என்று கதை. படகின் பெயர் டெனா. இரும்பு ஆணி இல்லாமல் மரமுளை அடித்துக் கட்டியது. பாய், தாளிப்பனைக்கு நெருங்கிய உறவான கெபாங் பனையின் ஓலையில் முடைந்தது. முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில் ஈட்டிக்காரர் நிற்பார். லாமாஃபா என்பது அவர் பட்டம். ஈட்டியை எறிவதோடு நிறுத்தாமல், தன் உடம்பு எடையையும் சேர்த்துக் கடலில் குதிப்பார். மே முதல் தேதி கடற்கரையில் திருப்பலி நடந்த பிறகு பருவம் தொடங்கி அக்டோபர் வரை நீளும். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மிஷன் வந்துவிட்டது. ஆனாலும் பருவத்துக்கு முன் மலைக்காரக் குலம் ஒன்று திமிங்கிலத்தை அழைக்கும் சடங்கைச் செய்தாக வேண்டும். வீட்டில் மனைவியோடு சண்டை போட்ட லாமாஃபாவுக்குக் குறி தப்பும் என்றும் நம்பிக்கை.

ஒரு வருஷத்தில் பிடிபடுவது சொற்பம். சில வருஷம் ஒற்றை இலக்கம்தான். ஆனால் பிடிபட்டதைப் பங்கு போடுவதைப் பாருங்கள். உடம்பின் எந்தப் பகுதி யாருக்கு என்று முன்கூட்டியே தீர்மானம். படகில் போனவர்களுக்கு மட்டும் இல்லை. படகு கட்டிய தச்சருக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லருக்கு, படகுக்குச் சொந்தமான குலத்துக்கு, சடங்கு செய்த மலைக்காரருக்கு என்று எல்லோருக்கும் உண்டு. பங்கு வாங்கியவர் தன் உறவுக்குப் பிரிப்பார்; ஆண்துணை இல்லாத வீட்டுக்கும், விதவைக்கும் போய்ச் சேரும். ஊரைத் தாங்குவது இந்தப் பங்குதான் என்பது என் கணிப்பு. திமிங்கிலம் அதற்கு ஒரு சாக்கு என்று சொன்னால்கூட ரொம்பத் தப்பில்லை.

இந்த வேட்டைக்கு வெளியிலிருந்து திட்டம் போட்டவர்கள் உண்டு. 1973 இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, வேட்டையை நவீனப்படுத்த நார்வே நாட்டு நிபுணரோடு கப்பல் அனுப்பியது. நீடிக்கவில்லை, ஊர் பழைய படகோடு தொடர்ந்தது. 2009 இல் அதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொன்று: சவு கடலில் சுமார் 35 லட்சம் ஹெக்டேரைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். லாமலேரா எதிர்த்தது, லெம்பாத்தாவின் கடல்பகுதி எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 2014 இல் கொம்புத் திருக்கை நாடு முழுவதும் தடைக்குள் வந்தது. அது இவர்களுக்கு உண்மையான அடி, ஏனென்றால் திமிங்கிலம் வராத நாட்களில் சோறு போட்டது அதுதான். ஒரு தலைமுறைக்கு முன் அதிகம் பிடி என்றவர்கள், இப்போது பிடிக்காதே என்கிறார்கள். திமிங்கிலத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல்களைத் தேய்த்து எடுத்த பெரிய கப்பல்களின் கணக்கை இந்த ஊரின் தலையில் எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் உள்ளே வந்த பெரிய மாற்றம் யாரும் திட்டமிட்டதல்ல. படகின் பின்னால் மாட்டும் மோட்டார். அங்கே அதற்குப் பெயர் ஜோன்சன், எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும். வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? 1994 இல் ஈட்டி பட்ட திமிங்கிலம் படகுகளைத் திமோர் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், நாட்கள் கழித்து ஒரு பயணிகள் கப்பல்தான் ஆட்களை மீட்டது. மோட்டார் இருந்தால் உயிர் மிஞ்சும். ஆனால் மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்குக் கையில் பணம் வேண்டும். மக்காச்சோளத்துக்கு எந்த பங்க்கிலும் பெட்ரோல் ஊற்ற மாட்டார்கள். அப்போது மீனை விற்றாக வேண்டும். விற்ற மீன் பக்கத்து வீட்டுக்குப் போகாது. மோட்டார் வைத்திருப்பவருக்கும் எரிபொருளுக்கும் தனிப் பங்கு கேட்கும்போது பழைய கணக்கு இடறுகிறது. மோட்டாரோடு நைலான் வலையும் வந்துவிட்டதால், ஊர் சேர்ந்து போகாமலே ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளலாம்.

இதை ஊரார் கவனிக்காமல் இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு வழி கண்டார்கள். ஜோன்சன் மாட்டிய படகு டெனாவை இழுத்துப்போகலாம். ஸ்பெர்ம் திமிங்கிலத்தைக் குத்துவது டெனாவிலிருந்துதான். படகு குலத்தின் சொத்தாக இருக்கிற வரை பங்கும் குலத்தின் கணக்கில் நிற்கும். கெட்டிக்கார ஏற்பாடு.

இளைஞர்கள் விஷயம் வேறு. தீவிலேயே பள்ளி முதலில் வந்த ஊர்களில் இது ஒன்று. ஆசிரியர்களும் குருக்களும் நிறைய இங்கிருந்து போனார்கள். படித்தவர் மாகாணத் தலைநகர் குப்பாங்குக்கோ ஜாவாவுக்கோ போவார், தீவின் மற்ற ஊர்களிலிருந்து பலர் மலேசியாவின் சபாவில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போவார்கள். அனுப்புகிற பணம் கல்வீடாகவும் கைப்பேசியாகவும் வந்து நிற்கும். 2014 கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் மத்திய அரசின் நிதி நேரடியாக வருகிறது. வடிகால், தண்ணீர்க் குழாய், தடுப்புச் சுவர் கட்டலாம். வேலை உண்டாக்க அது போதாது. சுற்றுலாவும் கொஞ்சம் உண்டு. வருகிறவர்களுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், ஆனால் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். அதை நம்பி ஊர் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மலையைத்தான் கவனிப்பேன். அரசு ஏழைகளுக்கு மானிய அரிசி கொடுக்கத் தொடங்கியபின் மலை ஊர்களிலும் அரிசிச் சோறு பழகிவிட்டது. மக்காச்சோளம் விதைப்பது குறைந்துகொண்டே போனால், அந்தப் பெண்கள் இறைச்சியைக் கொண்டுபோய் எதற்கு மாற்றுவார்கள்? டெனா விதி அப்படியே இருக்கும், வுலாண்டோனியில் விசிலும் ஊதுவார்கள், மாற்றிக்கொள்ள எதிர்த்தரப்பில் பண்டம் இருக்காது. அரிசிக்கு விலை பணத்தில்தான்.

நன்றி, வணக்கம்.