எப்படிப்பட்ட உடலோடு எழுந்திருப்பார்கள்?

[திரையில்: தெருமுனைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கேமரா மெல்ல அதன் அடிவரிக்குப் போகிறது.]

இந்தப் போஸ்டரைப் பாருங்கள். மேலே சிலுவை, நடுவில் ஒரு பாட்டியின் படம், கீழே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று ஒரு வரி. காலமானார் இல்லை, இயற்கை எய்தினார் இல்லை. தூங்கிவிட்டாராம்.

செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இதுவும் அந்த வகைதானே என்று தோன்றும். ஆனால் இந்த வரியை அச்சடிக்கக் கொடுத்தவர்களின் வேதத்தில் அது வெறும் மங்கலம் இல்லை. தூங்குகிறவரை எழுப்ப முடியும். அதற்காகத்தான் அந்தச் சொல். நாம் சிமெட்ரி என்கிறோமே, அதன் மூலம் கொய்மெதேரியோன் என்ற கிரேக்கச் சொல். படுத்துறங்கும் இடம் என்று பொருள்.

சரி, எழுப்பப்படுவது எது? சர்ச்சுக்குப் போகிறவர்களிடமே கேட்டுப் பாருங்கள். "ஆத்துமா பரலோகம் போகும்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். தப்பில்லை, ஆனால் பாதிதான். எதையெல்லாம் நம்புகிறோம் என்று அவர்களே ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரியில் இருப்பது சரீரம் உயிர்த்தெழுதல். கத்தோலிக்கர் அதையே உடலின் உயிர்ப்பு என்கிறார்கள். இரண்டிலும் பேச்சு உடலைப் பற்றித்தான். மறுபிறவியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உயிர் வேறொரு உடலுக்குப் போகிறது. இங்கே அதே ஆள், ஒரே முறை, கடைசி நாளில் எழுந்திருக்கிறார்.

[திரையில்: பழைய கொரிந்து நகரத்தின் கல்தூண்கள்.]

இது முதலிலிருந்தே பலருக்குத் தொண்டையில் சிக்கிய விஷயம். கிரேக்கத்தில் சோமா என்றால் உடல், சேமா என்றால் கல்லறை. உடலே உயிருக்குக் கல்லறை என்று இந்த இரண்டு சொற்களை வைத்து அங்கே ஒரு சிலேடையே உண்டு. அப்படி யோசித்துப் பழகியவர்களிடம் போய், செத்தபின் உடல் திரும்ப வரும் என்றால்? கிறிஸ்தவத்தை ஊர் ஊராகப் பரப்பிய அப்போஸ்தலர் பவுல், ஏதென்ஸில் அதைத்தான் சொன்னார். சிலர் சிரித்தே விட்டார்கள்.

இன்னொரு கிரேக்க நகரமான கொரிந்துவில் சிக்கல் சபைக்குள்ளேயே வந்தது. மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்று விசுவாசிகளிலேயே சிலர் பேசினார்கள். கி.பி. 50-களின் நடுவில் பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம் முழுக்க இதற்கான பதில்தான். எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடு வருவார்கள் என்று ஒருவன் கேட்பானே என்று அவரே கேள்வியை எடுக்கிறார். அடுத்த வார்த்தை, "புத்தியீனனே!" கேட்டவனுக்கு நல்ல வரவேற்புதான்.

அப்புறம் அவர் கையில் எடுப்பது ஒரு கோதுமை மணி.

[திரையில்: ஈரமண்ணில் ஒரு விதை. உறை வெடித்து வெள்ளை வேர் நீள்கிறது, பிறகு பச்சை முளை.]

நமக்கு விதைநெல் என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் ஒரு மணியை வைத்துப் பாருங்கள். பழுப்பு உமி, கூரான முனை, அவ்வளவுதான். வயலையே பார்த்திராத ஒருவரிடம் இதைக் காட்டி, இதிலிருந்து என்ன வரும், வரைந்து காட்டுங்கள் என்றால் அவரால் ஒரு கதிரை வரைய முடியுமா? விதைத்த உருவம் மண்ணுக்குள் காணாமல் போகிறது. எழும்புவதற்கு வேறு உருவம். ஆனால் அது அந்த மணியின் பயிர்தான், பக்கத்து மணியுடையது இல்லை. பவுலின் வாதம் இந்த இரண்டு கால்களில் நிற்கிறது: தொடர்ச்சியும் உண்டு, மாற்றமும் உண்டு. முளைக்கும் விதை உண்மையில் சாவதில்லையே என்று தாவரவியல் படித்தவர்கள் ஆட்சேபிக்கலாம். அவர் உவமைதான் சொன்னார், விட்டுவிடுவோம்.

எழும்பும் உடலை அவர் "ஆவிக்குரிய சரீரம்" என்கிறார். பலர் இடறுவது இந்த இடத்தில்தான். ஆவிக்குரிய என்றதும் புகை மாதிரி, நிழல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் சொல்வது ஆவியால் ஆன உடல் இல்லை. கடவுளின் ஆவியால் உயிர் வாழும் உடல்.

அதற்கு மாதிரியாகக் கிறிஸ்தவர்கள் கையில் இருப்பது ஒரே ஒருவர், இயேசு. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாலு நாள் கல்லறையில் கிடந்துவிட்டு எழுந்து வந்தாலும், பழைய வாழ்க்கைக்குத்தான் வந்தார். மறுபடி சாக வேண்டியவர். இயேசுவைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்வது வேறு மாதிரி. தோட்டத்தில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது. பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். அதே ஆள், "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, பொரித்த மீன்துண்டை வாங்கி எல்லார் முன்னாலும் சாப்பிடுகிறார். கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. புது உடலில் பழைய காயம் எதற்கு? எனக்கு இந்த விசுவாசத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். 5-ஆம் நூற்றாண்டில் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீனும் இதை யோசித்திருக்கிறார். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகளின் தழும்புகள் மறையாமல் இருக்கலாம், அன்று அவை குறையாகத் தெரியாது, அழகாகத் தெரியும் என்று எழுதினார். வெட்டிப்போட்ட முடி, நகம் என்ன ஆகும், மனிதனை மனிதன் தின்றிருந்தால் அந்தச் சதை யாருக்கு என்றெல்லாம்கூட அவர் விவாதிக்கிறார். முதல் சொந்தக்காரருக்கே என்பது தீர்ப்பு!

[திரையில்: ரோன் நதி. கரையில் பனி.]

இதைச் சோதித்துப் பார்க்கவே ஒரு கூட்டம் கிளம்பியது. கி.பி. 177, இன்றைய பிரான்ஸின் லியோன் நகரம். பிளாந்தினா என்ற அடிமைப்பெண், தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினுஸ் உட்படக் கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். சடலங்களைப் புதைக்க விடவில்லை. ஆறு நாள் வெளியில் போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் தள்ளினார்கள். இப்போது எழுந்திருக்கிறார்களா பார்ப்போம் என்பதுதான் பேச்சு. தப்பிப் பிழைத்தவர்கள் இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார்கள். மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையா என்பதுதான் அந்தச் சோதனைக்குக் கிறிஸ்தவர்களின் பதில்.

அப்படியானால் எரிக்கலாமா? கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. ஆனால் 2016-இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலும் நீரிலும் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. சாவுக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் ஆத்துமா எங்கே இருக்கிறது என்பதில் சபைக்குச் சபை பதில் வேறு. அதற்குத் தனி வீடியோதான் போட வேண்டும்.

[திரையில்: திறந்த குழி. சுற்றிலும் செருப்புக் கால்கள். ஒரு கை மண்ணை அள்ளுகிறது.]

அடக்கத்தில் போதகர் சொல்லும் "மண்ணுக்கு மண்ணாகவும், சாம்பலுக்குச் சாம்பலாகவும்" என்ற வரி எல்லாருக்கும் தெரியும். சினிமாக்காரர்களும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. நித்திய ஜீவனுக்கு எழுந்திருப்பார் என்ற நிச்சயமான நம்பிக்கையோடு இந்த உடலை ஒப்புக்கொடுக்கிறோம் என்று அது நீள்கிறது. அதற்குள் பெட்டி மேல் மண் விழ ஆரம்பித்துவிடுகிறது. முன்வரிசையில் நிற்பவர்களுக்குக்கூட அந்தப் பாதி சரியாகக் காதில் விழுவதில்லை.