நீலமாகிப்போன சரஸ்வதி

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மக்கள் மனத்தோடு ஒட்டி நிற்பது மதில் ஓவியமா, சாமிப்படமா என்பது கேள்வி. நான் சாமிப்படத்தின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, “சாமிப்படம் வெறும் அச்சு, மதில் ஓவியம்தான் சனங்களின் கலை” என்றார். 2019ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்ததை நினைவூட்டினார். நானும் சைக்கிளை நிறுத்தி ஆசையோடு பார்த்தவள்தான். ஆனால் இரண்டு மாரி போனதும் எங்கள் சந்தி மதிலில் பாசி ஏறியது. மிஞ்சிய இடத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாமிப்படத்தின் மேல் நோட்டீஸ் ஒட்ட யாருக்குக் கை வரும்?

சரி, அச்சுக்கு வருவோம். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லில் படத்தை வரைந்து தாளில் பதிக்கும் கல்லச்சு அது; ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு நிறம் மற்றதன் மேல் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். அரண்மனைச் சுவருக்கென்று இருந்த ஓவியம், கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்டவர்களின் குடிசைக்கும் அப்படித்தான் போனது. பிறகு கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு. அவர் நாடகக் கம்பனிக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடகம் பார்க்க வந்த சனத்துக்காக வரைந்த அதே கைதான் கலண்டர் முருகனையும் வரைந்தது. இதைவிடச் சனங்களின் கலை எது, தங்கச்சி?

மட்டக்களப்பு கல்லடியில் அம்மம்மா வீட்டில் ஒரு சரஸ்வதி படம் இருந்தது. ஆற்றோரப் பாறை, மடியில் வீணை, பக்கத்தில் மயில். அந்தத் தண்ணீர் எங்கள் வாவி என்றே சின்ன வயதில் நம்பினேன். வாணி விழாவுக்கு அவலும் கடலையும் படைக்கும்போது என் கண் மயிலில்தான் இருக்கும். வீணை படிக்கத் தொடங்கிய பிறகுதான், தந்தியை அழுத்தும் அவள் விரல்களைப் பார்த்தேன். அத்தனை வருடம் அங்கேயே இருந்த விரல்கள்! தினமும் கூட இருக்கிற படம் அப்படித்தான், நாம் வளர வளரக் காட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரி, திரு இருதயப் படத்தின் கீழ் எரியும் சின்னச் சிவப்புப் பல்பை ஒருநாளும் அணைத்ததில்லை. அவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

அம்மம்மா போன பிறகு அந்தப் படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. கோயில் அரசமரத்தடியில், மற்ற வீடுகளின் பழைய படங்களோடு கொண்டுபோய்ச் சாத்தி வைத்தோம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய்விட்டன, நீலம் மட்டும் நிற்கிறது. மயில் இன்னும் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை அதன் முன்னால் யாரோ ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் வைக்கவில்லை.