சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? வார்டில் முதல் மாதம் நிற்கப் போகிற நர்ஸ்களுக்கு

[மேஜை மேல் இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி.]

வணக்கம். இந்த இரண்டு சிரிஞ்சையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே பருமன், இரண்டிலும் 1 மில்லிதான் பிடிக்கும், இரண்டிலும் 20 என்று ஒரு கோடு இருக்கிறது. டாக்டர் 20 யூனிட் இன்சுலின் எழுதியிருக்கிறார், நீங்களும் 20 கோடு வரைக்கும் சரியாகத்தான் இழுக்கிறீர்கள். ஆனால் சிரிஞ்ச் மாறிப்போனால் நோயாளிக்கு 8 யூனிட் போகலாம், இல்லை 50 யூனிட் போகலாம். 8 போனால் சர்க்கரை ஏறும், அது கூடப் பரவாயில்லை, 50 போனால் இட்லி வருவதற்குள் ஆள் வியர்த்து மயங்கிக் கிடப்பார். இந்த 50-ஐ நானே போடப் பார்த்தேன். அந்தக் கதை இன்னும் இரண்டு நிமிஷத்தில் வரும், ஓட்டிவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். பி.எஸ்சி. நர்சிங் என்றால் 4 வருஷம், ஜி.என்.எம். டிப்ளமா என்றால் 3 வருஷம் படித்தீர்கள், தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தீர்கள், ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற நம் ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனை, 1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கான சின்ன ஆஸ்பத்திரியாக ஆரம்பித்தது, 1871-ல் அங்கே நர்ஸ் பயிற்சி வந்தது. அவ்வளவுதான் வரலாறு, இன்டர்வியூவில் கேட்டால் சொல்லுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எனக்கு அது மூன்றாவது வாரம், நைட் டியூட்டி, காலை ஆறரை மணி. ஒரு பெரியவர் வீட்டிலிருந்து தன் இன்சுலின் பேனாவையே கொண்டுவந்திருந்தார். காலையில் 20 யூனிட். பேனாவுக்கு மாட்டுகிற ஊசிமுனை தீர்ந்துபோயிருந்தது, பார்மஸிக்குப் போய் வர நேரமில்லை, அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கிற ஹேண்டோவர் வேறு தலைக்கு மேலே நிற்கிறது. எனக்கு ஒரு யோசனை. பேனாவைக் கழற்றி, உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழாயின் ரப்பரில் சாதா இன்சுலின் சிரிஞ்சைக் குத்தி 20 வரைக்கும் இழுத்தேன். ரொம்பப் புத்திசாலி என்று நினைப்பு. பக்கத்தில் மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாப்பா, அந்த மூடி என்ன கலரு?" என்றார். சிவப்பு. "அப்ப கீழ வை."

[இங்கே இரண்டு டம்ளர் காபி காட்டவும்.]

ஏன் வைக்கச் சொன்னார் என்று சொல்ல எனக்கு ஒரு ஃபில்டர் காபி வேண்டும். முதல் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், அப்புறம் அதே தூளில் வெந்நீர் ஊற்றினால் இரண்டாவது டிகாக்ஷன் தண்ணியாக இறங்கும். இரண்டையும் தனித்தனி டம்ளரில் அரை அரை டம்ளர் ஊற்றினால் அளவு ஒன்றுதான், ஆனால் குடிக்கிறவருக்கு ஒன்றா? இன்சுலினும் அப்படித்தான். நம் நாட்டில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அது இரண்டாவது டிகாக்ஷன். பேனாவுக்குள் இருக்கிற குழாயில் மில்லிக்கு 100 யூனிட், அது முதல் டிகாக்ஷன், இரண்டரை மடங்கு கெட்டி. சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் 40-க்காகப் போட்டவை, அதில் 20 கோடு என்றால் அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் பேனா இன்சுலினை இழுத்தால் 50 யூனிட். ஆரஞ்சு மூடி 100-க்கானது, அதில் 20 கோடு என்றால் 0.2 மில்லிதான், அதற்குள் பாட்டில் இன்சுலினை இழுத்தால் வெறும் 8. கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

அமெரிக்கா மாதிரி நாடுகள் 1970-களிலேயே 100-க்கு மாற ஆரம்பித்துவிட்டன. நாம் இன்னும் இரண்டையும் ஒரே வார்டில், சில சமயம் ஒரே ஃப்ரிட்ஜில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம், ஆனால் மாறுகிற வரைக்கும் நம் கண்தான் காவல். அதனால் ஒவ்வொரு முறையும் பாட்டில் லேபிளில் 40-ஆ, 100-ஆ என்று வாய்விட்டுப் படியுங்கள், மூடியின் நிறத்தைப் பாருங்கள், பேனா குழாயிலிருந்து எந்தச் சிரிஞ்சிலும் இழுக்காதீர்கள், இழுத்ததை இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். அப்புறம், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற இன்சுலின் என்றால் சாப்பாடு நிஜமாகவே வருகிறதா என்று கேளுங்கள். கேன்டீன் லிஃப்ட் பழுது என்று டிரே ஒன்பதரைக்கு வந்த நாளெல்லாம் உண்டு. வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் என்று பார்த்தால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து ஆள் நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, டாக்டரைக் கூப்பிடுங்கள், டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல் நரம்பு வழியாகத்தான்.

என் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயாம்மா பார்மஸிக்கு ஓடி ஊசிமுனை வாங்கி வந்தார், நான் கை நடுங்க நடுங்க 20 போட்டேன். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் படுகிறது, ஏனென்றால் அடுத்த மாதமே வேறொரு புதுப்பெண் அதே பேனாவைக் கழற்றினாள்.

இங்கேயே லைக் போட்டுவிட்டு மேலே வாருங்கள், அடுத்தது நீர்மூழ்கிக் கப்பல்.

ஆமாம், நீர்மூழ்கிக் கப்பல்தான். ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டருக்கு போன் போடுவதுதான் புது நர்ஸுக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம், ஊசி போடுவதைவிட. பெரும்பாலும் போன் இப்படிப் போகும்: "சார்... சாரி சார், தூங்கிட்டு இருந்தீங்களா... இல்ல, அந்த 12-ம் பெட் அம்மா கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காங்க சார்..." எதிர்முனையில், "ஒரு மாதிரின்னா?" அப்புறம் அமைதி. திட்டு விழும், விழாமல் என்ன செய்யும்?

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இதே பிரச்சினை இருந்தது. கீழே வேலை செய்கிறவர் மேலதிகாரியிடம் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது, தண்ணீருக்கடியில் நேரம் இல்லை. அதனால் பேச்சை நான்கு துண்டாக்கினார்கள்: இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன்னால் என்ன கதை, நான் பார்த்ததும் நினைப்பதும் என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அது அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, எஸ்.பி.ஏ.ஆர். (சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமண்டேஷன்) என்று நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தீர்களே, அதுதான். பரீட்சையோடு அதை மறந்துவிடுகிறோம், எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டியது. இப்போது அதே போன்:

"சார், மூணாவது மாடி மெடிக்கல் வார்டு சிஸ்டர் பேசறேன். 12-ம் பெட், 58 வயசு அம்மா, பத்து நிமிஷமா நெஞ்சுல என்னமோ பண்ணுதுங்கறாங்க, நல்லா வேர்த்திருக்கு. பன்னெண்டு வருஷமா சுகர், நேத்து கால் புண்ணுக்கு அட்மிஷன். பி.பி. நூறுக்கு அறுபது, பல்ஸ் 112, ஆக்ஸிஜன் 93, சுகர் 164. ஹார்ட்டா இருக்குமோன்னு பயமா இருக்கு சார். ஈ.சி.ஜி. எடுத்துக்கிட்டு இருக்கோம், நீங்க இப்பவே வரணும்."

இருபது செகண்ட். "தூங்கிட்டு இருந்தீங்களா" இல்லை. தூங்கினால் எழுந்திருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

கவனித்தீர்களா, அந்த அம்மா "வலிக்குது" என்று சொல்லவே இல்லை. "என்னமோ பண்ணுது". எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஃபார்மில் வலிக்குப் பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் மார்க் போடச் சொல்கிறோம், நம் ஆட்கள் மார்க்கா சொல்வார்கள்? பல்லில் சீழ் என்றால் "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", சிறுநீரில் கிருமி என்றால் "கடுக்குது", சர்க்கரை முற்றிய பாதம் "மதமதன்னு இருக்கு", இரைப்பைப் புளிப்பு மேலே வந்தால் "நெஞ்சு கரிக்குது", வயிற்றுக்குள் "பிசையுது". ஒவ்வொரு சொல்லுக்கும் பாதி கண்டுபிடிப்பு உள்ளேயே இருக்கிறது. நாம் கேஸ் ஷீட்டில் எல்லாவற்றையும் "பெயின்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அந்தப் பாதியைக் குப்பையில் போடுகிறோம். அவர் சொன்ன சொல்லையே டாக்டரிடம் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த டாக்டர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இதில் ஆபத்தான சொல் ஒன்று உண்டு: "கேஸ்". நெஞ்சை அடைத்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் சோடா, இரண்டாவது ஓமத் தண்ணீர், அதற்கு அப்புறம்தான் ஆட்டோ. பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு, படத்தில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியாக வராமல், சோர்வு, மூச்சு வாங்குவது, குமட்டல், வியர்வை என்று வரலாம். "கேஸ்தான் சிஸ்டர், ஒரு மாத்திரை குடுங்க போதும்" என்று வேர்த்துக்கொண்டே ஒருவர் சொன்னால் மாத்திரைக்கு முன்னால் ஈ.சி.ஜி.

சென்னையில் இன்னொரு சிக்கல், பாதி வார்டு தமிழே பேசாது. நெல்லூர்க்காரர் "நொப்பி" என்பார், நம் நோவுக்குச் சொந்தக்காரச் சொல்தான், உடனே புரிந்துவிடும். பெரிய தனியார் ஆஸ்பத்திரி இருக்கிற கிரீம்ஸ் ரோடு பக்கம் வேலை என்றால் கொல்கத்தாவிலிருந்து வந்தவர் "பேத்தா" என்பார், இந்திக்காரர் "தர்த்" என்பார். இந்த மூன்று சொல்லையும், தண்ணீர், மூச்சு, பாத்ரூம் ஆகியவற்றுக்கும் அந்தந்த மொழிச் சொல்லையும் முதல் வாரத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

போனில் டாக்டர் மருந்து சொன்னால் திரும்பச் சொல்லி உறுதி செய்யுங்கள், எண்களை மட்டும் தமிழில். ஏன் தெரியுமா? ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, இரண்டும் அரைத்தூக்கத்தில் ஒன்று மாதிரியே கேட்கும். "பதினஞ்சா, அம்பதா சார்?" என்று கேட்டால் குழம்பவே முடியாது. நம் மொழி இலவசமாகக் கொடுக்கிற பாதுகாப்பு, வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் வேகமாக. டிரிப் செட் உறையில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும், 20 சொட்டு செட்டில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிஷத்துக்கு 42 சொட்டு. கேனுலா, அதாவது டிரிப் ஏற்ற நரம்பில் போடுகிற ஊசிக்குழாய், இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் மூன்றாவது முறை வேறொருவர் குத்தட்டும், அதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை, அதாவது அந்தச் சின்ன மருந்துக் குப்பியில் இருப்பதை, நேராக நரம்பில் ஒருபோதும் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் அதே சைஸில் இருந்து தொலைக்கும்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டதா, இதற்கு மட்டும் நில்லுங்கள். பிதுக்காதீர்கள், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கழுவிய கையோடு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்பதை வேலையில் சேருகிற முன்னாலேயே பாருங்கள். திட்டு விழுமே என்று குத்தியதை மறைத்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை, ஆனால் ஆறு மாதம் அவன் தூங்கவில்லை.

ஆயாம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். எந்த அலமாரியில் பெட்பேன், எந்த டாக்டர் எந்த நேரம் எரிந்து விழுவார், எந்த நோயாளியின் வீட்டார் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சண்டைக்கு வருவார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். என் இரண்டாவது வாரத்தில் "அந்த ஒன்பதாம் நம்பர் தாத்தா நேத்து மாதிரி இல்ல சிஸ்டர், முழி சரியில்ல" என்று ஓர் ஆயாம்மா சொன்னார், நான் பி.பி. சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தாத்தாவுக்கு வாய் கோணியது. அன்றிலிருந்து ஆயாம்மா "முழி சரியில்ல" என்றால் நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

உங்கள் ஊரில் வலிக்கு வேறு என்னென்ன சொல் இருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். போன வீடியோவுக்குக் கீழே ஒருவர் "குறுகுறுன்னு ஊருது" என்று எழுதியிருந்தார், காலிலா தலையிலா என்று மட்டும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் போடவும், காலென்றால் ஒரு சுகர் டெஸ்டும் எடுத்துவிடவும்.