அணை நிலவரமும் ஆஸ்பத்திரி நிலவரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கோபிப் பக்கத்துக்காரன். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்துவிட்டு, பிறகு முப்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் படிக்கச் சொல்வது பவானிசாகர் அணை நிலவரத்தைத்தான். நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்தே கேட்பார். வெறும் மட்டத்தை நம்பி அவர் ஒரு போகமும் நாற்று விட்டதில்லை.

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் மாவட்டம் மாவட்டமாகப் படுக்கை நிலவரம் செல்போனுக்கே வந்தது. அதை நாம் அணை நிலவரம் மாதிரிப் படிக்கவில்லை. 'காலி' என்ற ஒரே கட்டத்தைத்தான் பார்த்தோம். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கிவிட்டது. அவர் மகள் போனை நீட்டினாள். "மாமா, இங்கே நாலு பெட் காலின்னு காட்டுதுங்க. கிளம்பிறலாமுங்களா?" நான் எண்ணைப் பார்த்துவிட்டு, "கிளம்பு சாமி" என்றேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால் அங்கே இடமில்லை. அந்த எண் முந்தின நாள் சாயங்காலம் ஏற்றியது. எப்போது ஏற்றினார்கள் என்று கட்டத்தின் கீழேயே போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. அந்த நாலில் இரண்டு ஆக்சிஜன் வசதி இல்லாதவை என்பதும் போன பிறகுதான் தெரிந்தது. இரவு வரை அவர் ஆம்புலன்ஸிலேயே படுத்திருந்தார். இன்றைக்கும் அந்த இரண்டு எழுத்து, 'காலி', எனக்குச் சாதாரண வார்த்தை இல்லை.

பவானிசாகர் அணையின் உயரத்தை 120 அடி என்பார்கள். ஆனால் சேறு சகதிக்கு 15 அடி கழித்து 105 அடி என்றுதான் கணக்கு வைப்பார்கள். படுக்கைக் கணக்கிலும் இப்படிக் கழிக்க வேண்டியது உண்டு. கோவை கொடிசியா வளாகத்தில் லேசான அறிகுறி உள்ளவர்களுக்கென்று படுக்கைகள் போட்டார்கள். மிகவும் பயன்பட்ட ஏற்பாடு அது. ஆனால் மூச்சுத் திணறுகிறவருக்குச் சாதாரணப் படுக்கை படுக்கையே அல்ல. ஆக்சிஜன் படுக்கையிலும் எல்லாம் ஒன்றில்லை. பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். முகமூடி வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம் வரும். ஹை ஃப்ளோ கருவியில் 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. அப்புறம், வென்டிலேட்டர் இருக்கலாம், அதை ராத்திரி முழுக்கக் கவனிக்க நர்ஸ் இருக்க வேண்டுமே. அந்த ஆள் கணக்கு எந்தக் கட்டத்திலும் வராது.

சரி, வரத்துக்கு வருவோம். நீலகிரியில் மழை பெய்து மேலே இருக்கும் பில்லூர் அணையைத் திறந்தால் பவானிசாகருக்குத் தண்ணீர் வரும் என்று நமக்குத் தெரியும். தொற்று எண்ணிக்கை மலையில் பெய்யும் மழை. ஆஸ்பத்திரிக்கு வரத்து கூடுவது அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. தமிழ்நாட்டின் தினசரி எண்ணிக்கை மே 21ஆம் தேதி 36,184 என்று உச்சம் தொட்டு இறங்கியது. அந்தச் செய்தியைக் கேட்டு நிம்மதியானவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஆனால் அதே மாதம் கடைசி வாரத்தில் கோவையின் எண்ணிக்கை 4,000ஐத் தாண்டி, சென்னையையும் முந்தியது. சென்னையில் மழை விட்டதை வைத்து நாம் குடையை மடக்க முடியாது.

ஒரு நாளைக்கு 50 பேர் சேருகிறார்கள், ஒவ்வொருவரும் 10 நாள் இருக்கிறார்கள் என்றால் 500 படுக்கை வேண்டும். வரத்து அதே 50தான், ஆனால் நோய் கடுமையாகி 14 நாள் தங்குகிறார்கள் என்றால் 700 வேண்டும். புதிதாக ஒருவர் கூட அதிகம் வராமலே ஆஸ்பத்திரி நிரம்பிவிடும். தொற்று குறைந்த பிறகும் படுக்கை பல நாள் காலியாகாதது இதனால்தான்.

சதவீதத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 500 படுக்கையில் 400 பேர் என்றால் 80 சதவீதம். அடுத்த வாரம் 200 படுக்கை கூட்டுகிறார்கள், 480 பேர் இருக்கிறார்கள். இப்போது 69 சதவீதம். வரைபடத்தில் கோடு இறங்குகிறது, நோயாளி 80 பேர் கூடியிருக்கிறார். அதைவிட என்னைப் பயமுறுத்துவது படுத்துக்கிடக்கும் கோடு. அணை நிரம்பிய பிறகு மட்டம் ஏறாது, வருகிற தண்ணீர் ஆற்றில்தான் போகும். படுக்கைகள் நிரம்பிய பிறகு அந்தக் கோடும் நேராகத்தான் போகும். 'நிலைமை சீராகிவிட்டது' என்று அதைப் படித்தவர்களை எனக்குத் தெரியும். வாசலில் எத்தனை ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று அப்போது கேட்க வேண்டும்.

இன்னொன்று. கோவை ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பூர், ஈரோடு, நீலகிரி, பாலக்காடு என்று நாலாபக்கமும் இருந்து வருவார்கள். கோவை ஜனத்தொகையால் கோவைப் படுக்கையை வகுத்தால் கிடைக்கிற விடை யாருக்கும் உதவாது. ஒரு படுகைக்குள் எத்தனை ஓடை சேருகிறதோ அத்தனையையும் எண்ண வேண்டும்.

வெளியேற்றத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு வேறோர் இடத்தில் ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது. அவர் பிழைத்து, பதினாறாம் நாள் வீடு வந்தார். அந்தப் படுக்கையில் அதற்கு முன் இருந்தவர் அன்று பன்னிரண்டு மணிக்கு இறந்துபோயிருந்தார். குணமாகிப் போனவரின் படுக்கையும் இறந்துபோனவரின் படுக்கையும் நிலவரத்தில் ஒரே கட்டத்தில்தான் ஏறும். அதனால் 'காலி' கூடியிருக்கிறது என்று பார்த்தால், அதே தேதியின் இறப்புக் கணக்கையும் நான் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

வணக்கம்.