ரிப்போர்ட்டில் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்று இருந்தால் குடிக்கலாமா?

தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஊராட்சி போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி வந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி, “டிடிஎஸ் 780, புளோரைடு 1.3, கீழே ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்று போட்டிருக்கிறார்கள். குடிக்கலாமா, ஆர்.ஓ. வாங்கணுமா?” என்கிறார். அந்த போட்டோ வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

முதலில் அந்தக் கடைசி வரி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதில் பல பொருட்களுக்கு இரண்டு அளவு இருக்கும். புளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அடுத்தது 1.5. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) என்றால் 500, அடுத்தது 2000. ரிப்போர்ட் சொல்லும் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ இந்த இரண்டாவதுதான், அதன் தலைப்பை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. ‘வேறு நீராதாரம் இல்லாதபோது’ என்று அதில் நிபந்தனையே உண்டு. ரிப்போர்ட்டுக்கு வரும்போது நிபந்தனை கழன்றுவிடுகிறது, அனுமதி மட்டும் மிஞ்சுகிறது. புளோரைடு அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உங்கள் பக்கம் அந்தப் பிரச்சினைக்காகவே, காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. அந்தத் தண்ணீர் உங்கள் தொட்டிக்கு வருகிறதென்றால் வேறு ஆதாரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்போது 1.3-ஐ 1-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிசல்ட் பாட்டிலுக்குத்தான், உங்கள் வீட்டுக் குழாய்க்கு இல்லை. இந்த ரிப்போர்ட்டில் ‘மாதிரி எடுத்த இடம்’ என்ற வரியில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது. போர் மோட்டாரிலா, மேல்நிலைத் தொட்டியிலா, கடைசித் தெருக் குழாயிலா? பல ஊர்களில் ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் விழும். ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் எடுத்தால் ஒரு ரிசல்ட், மோட்டார் மட்டும் ஓடிய நாளில் எடுத்தால் வேறு ரிசல்ட்.

ஒரு ஊரில் பார்த்தேன், சாம்பிள் எடுக்க ஆள் வருகிறார் என்றால் காலையிலேயே தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கும். டேங்க் ஆபரேட்டரைக் குறை சொல்லவில்லை, அவர் சம்பளத்துக்கு அவர் ஏறி இறங்குவதே பெரிது. ஆனால் அந்த பாட்டில் அந்த ஒரு காலையைத்தான் காட்டும்.

இன்னொன்று, சகோதரி கேட்காதது. நான் எதிர்பார்த்த கேள்வியே அதுதான். கிருமி வரிசையைப் பாருங்கள், கோடு போட்டு விட்டிருக்கிறார்கள், அதாவது அதைப் பரிசோதிக்கவே இல்லை. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்க்கக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்துச் சீக்கிரம் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண கேனில் எடுத்த தண்ணீரில் அதைப் பார்க்க முடியாது. டிடிஎஸ் 780-க்குப் பயப்படுகிறோம், அது பெரும்பாலும் ருசி சமாச்சாரம். வயிற்றுப்போக்கு வருவது அந்தக் கோடு போட்ட இடத்திலிருந்துதான்.

அமெரிக்காவில் வருஷம் முழுக்க 25 பேருக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்ன அமைப்பாக இருந்தாலும், ஜூலை 1-க்குள் முந்தின வருஷத் தர அறிக்கையை மக்களுக்குத் தர வேண்டும். நமக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. அங்கே ரிப்போர்ட்டை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது, கிருமி பார்த்தீர்களா, கடைசிக் குழாயில் கிருமியைக் கொல்லும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ஆர்.ஓ. ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்க, சமைக்க அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, குளிக்க இருக்கட்டும். அது வராத ஊர் என்றால், அதுவும் பல் முளைக்கிற வயசில் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், ஆர்.ஓ. வாங்கலாம், அது புளோரைடைக் குறைக்கும். காய்ச்சினால் போகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் சுண்டும், புளோரைடு அப்படியே இருக்கும்.